காதல் பாட்டில் மறுமொழியைத் தேடுங்கள்: பிள்ளைகளோடு சேர்ந்து பாடல் கேட்கும் முறை

கடலூர் திருப்பாதிரிப்புலியூர் பேருந்து நிலையத்தில் புதுச்சேரி செல்லும் தனியார் பேருந்தில் ஏறி அமர்ந்தால், ஆல்பேட்டையைக் கடந்து, தென்பெண்ணைப் பாலம் ஏறி, ரெட்டிச்சாவடி, கன்னியக்கோவில், தவளக்குப்பம், அரியாங்குப்பம் என்று நின்று நின்று போய்ச் சேர ஏறத்தாழ ஒரு மணி நேரம் ஆகிவிடும். அதற்குள் பத்துப் பன்னிரண்டு பாடல்களாவது காதில் விழும்; பெரும்பாலானவை காதல் பாடல்களாகவே இருக்கும். அந்த வழியில் நாள்தோறும் படிக்கவும் வேலைக்கும் போய்வரும் பிள்ளைகளிடம் காதலைப் பற்றி வீட்டில் யாரும் வாய் திறப்பதில்லை, வகுப்பிலும் திறப்பதில்லை. ஒருவரை விரும்பினால் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதை அவர்களுக்கு விளக்கமாக எடுத்துச் சொல்வது அந்த ஒலிபெருக்கிதான்.

நான் கடலூரில் மேல்நிலை வகுப்புகளுக்குத் தமிழ் கற்பிக்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் பதினோராம் வகுப்பு மாணவி ஒருத்தி, இடைவேளையில் தயங்கித் தயங்கி வந்து, ஒரு பையன் ஒவ்வொரு நாள் இரவும் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் பாடல் வரிகளை வைப்பதாகச் சொன்னாள். விருப்பம் இல்லை என்று அவனிடம் அவள் இரண்டு முறை சொல்லியிருக்கிறாள். "பாட்டுதானேம்மா, பார்க்காம விட்டுடு" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். "பாட்டுதான் மிஸ், ஆனா எனக்குத்தான் போடுறான்" என்று சொல்லிவிட்டு அவள் போனாள். அந்த வரிகளை அன்றே வாங்கிப் படித்திருந்தால், பாட்டு என்ற பெயரில் ஒரு மிரட்டல் தவணை முறையில் வந்துகொண்டிருந்தது எனக்கு விளங்கியிருக்கும். இரண்டு மாதம் கழித்து அவள் தனிப் பயிற்சி வகுப்புக்குப் போவதையே நிறுத்திய பிறகுதான் விளங்கியது. அதன் பிறகு பாடல்களைக் கேட்பதற்கு ஒரு முறையை வகுத்துக்கொண்டேன். பெற்றோருக்கும் ஆசிரியருக்கும், இளைஞர்களுக்கும் அது பயன்படும் என்பதால் இங்கே எழுதுகிறேன்.

முதலில் செய்ய வேண்டியது மெட்டைக் கழற்றி வைப்பது. பிள்ளைக்கு மிகவும் பிடித்த ஒரு பாடலை அவரே தேர்ந்தெடுக்கட்டும். நோட்டின் கடைசிப் பக்கத்தில் பல்லவியையும் இரண்டு சரணங்களையும் கையால் எழுதச் சொல்லுங்கள். இணையத்திலிருந்து படியெடுக்காமல், பாட்டை நிறுத்தி நிறுத்திக் கேட்டு எழுதினால்தான் ஒவ்வொரு சொல்லும் கண்ணில் படும். எழுதி முடித்ததும் அதைப் பாடாமல், ஒருவர் மற்றொருவரிடம் நேரில் பேசுவது போல உரக்க வாசிக்க வேண்டும். என் வகுப்பில் மிக நன்றாகப் பாடும் மாணவன் ஒருவன், ஆண்டு விழாவில் பாடிக் கைதட்டல் வாங்கிய பாடலையே இப்படி எழுதி வந்து வாசித்தான். முதல் மூன்று வரிகளைத் தங்குதடையில்லாமல் வாசித்தவன், அவள் வேறொருவனிடம் சிரித்துப் பேசினால் தான் என்ன செய்வேன் என்று சொல்லும் நான்காவது வரியில் நின்றுவிட்டான். "பாடும்போது இது தெரியவே இல்ல மிஸ்" என்றான். அந்த வரியைப் பற்றி நான் அவனிடம் எதுவும் சொல்லவில்லை, சொல்ல வேண்டிய தேவையும் இருக்கவில்லை.

மெட்டு பொருளை மறைப்பது தமிழ்ப் பாடல்களில் மட்டும் நடப்பதன்று. 1983இல் 'தி போலீஸ்' என்ற ஆங்கில இசைக்குழு வெளியிட்ட 'எவ்ரி பிரெத் யூ டேக்' என்ற பாடலை உலகெங்கும் இனிய காதல் பாடலாகவே கேட்டார்கள், திருமணங்களில்கூட ஒலிக்கவிட்டார்கள். தன்னை விட்டுப் போன ஒருத்தியின் ஒவ்வோர் அசைவையும் கண்காணித்துக்கொண்டே இருப்பேன் என்று ஒருவன் சொல்லும் பாடல் அது. பொறாமையும் உடைமை வெறியும் கண்காணிப்புமே அதன் பொருள் என்று, எழுதிப் பாடிய ஸ்டிங்கே பலமுறை விளக்கியிருக்கிறார். புதுச்சேரிக் கடற்கரைச் சாலையை ஒட்டிய உணவகங்களில் ஆங்கிலப் பாடல் கேட்டு வளரும் பிள்ளைகளுக்கு இந்த ஒரு பாடலை எடுத்துக்காட்டினால் போதும், மெல்லிய மெட்டுக்குள் எதை வேண்டுமானாலும் வைக்க முடியும் என்பது புரிந்துவிடும். ரீல்ஸில் பரவும் பதினைந்து முப்பது நொடித் துண்டுகளில் இது இன்னும் கடுமையாகிறது. அங்கே கதை இல்லை, பின்னால் வரும் சரணம் இல்லை. பிடிப்பான ஒரு வரி மட்டும் நூறு முறை சுழன்றுகொண்டிருக்கும்.

அடுத்து, பாட்டில் மறுமொழி இருக்கிறதா என்று தேட வேண்டும். இந்த முறையின் உயிர்நாடி இதுதான். இந்தச் சோதனையை நான் வெளியிலிருந்து கொண்டுவரவில்லை, நம் இலக்கணத்திலேயே இருக்கிறது. தொல்காப்பியத்தின் அகத்திணையியல், ஒருதலைக் காதலான கைக்கிளையை விளக்கும்போது, "சொல்லெதிர் பெறாஅன் சொல்லி இன்புறல்" என்கிறது. எதிரில் இருப்பவளிடமிருந்து ஒரு சொல்லும் வராத நிலையிலும் தானே பேசிப் பேசி மகிழ்ந்துகொள்வது என்று பொருள். அதே நூற்பா அந்தப் பெண்ணைக் "காமஞ் சாலா இளமையோள்" என்றும் குறிக்கிறது. காதல் உணர்வுக்கு இன்னும் பக்குவப்படாத வயதினள் அவள். தொல்காப்பியர் இதைக் குற்றம் என்று சொல்லவில்லைதான். ஆனால் ஒத்த அன்புடைய இருவரின் காதலான அன்பின் ஐந்திணைக்குள் இதற்கு இடம் தராமல் வெளியே வைத்தார். சொல்லெதிர் இல்லாத இடத்தில் அன்பின் திணை இல்லை என்ற அந்தப் பகுப்பை, இன்றைய பாடலைக் கேட்கும் பிள்ளையின் கையில் அப்படியே கொடுத்துவிடலாம்.

சோதனையைச் செய்வது எளிது. எழுதிய தாளில், பாடுகிறவர் சொல்லும் வரிகளுக்குக் கீழே ஒரு நிறத்தில் கோடு போடுங்கள். எதிரில் இருப்பவர் தம் விருப்பமாகச் சொன்ன, செய்த எதுவும் இருந்தால் அதற்கு வேறு நிறத்தில் கோடு போடுங்கள். பல பாடல்களில் இரண்டாவது பேனாவைத் திறக்கவே வேண்டியிருக்காது. அவளுடைய கண், நடை, கொலுசு, கோபம் எல்லாம் பாட்டில் இருக்கும், அவள் என்ன நினைக்கிறாள் என்பது மட்டும் இருக்காது. இருப்பது போலத் தோன்றும் இடங்களிலும், அவள் மனத்தில் இருப்பதாக அவனே சொல்வதுதான் இருக்கும். அவள் முறைத்தால் உள்ளுக்குள் சிரிக்கிறாள் என்பான். விலகிப் போனால் வெட்கப்படுகிறாள் என்பான். அவள் செய்யும் எதுவும் மறுப்பாகாதபடி ஒவ்வொரு வாயிலும் அடைபட்டுவிடுகிறது. இந்த இடத்தில் மாணவர்களிடம் நான் கேட்பது ஒரே கேள்விதான்: இந்தப் பாட்டுக்குள் இருக்கும் பெண்ணுக்கு உண்மையிலேயே விருப்பம் இல்லையென்றால், அதை அவள் எப்படித்தான் தெரிவிப்பது? வழியே இல்லை என்று அவர்கள் வாயாலேயே வரும்போது, பாடலின் சிக்கல் அவர்களுக்குப் பிடிபட்டுவிடுகிறது.

பாடல் படமாக வரும்போது இன்னொன்றும் சேர்ந்துகொள்கிறது. முதல் சரணத்தில் முகம் திருப்புகிறவள் இரண்டாம் சரணத்தில் புன்னகைப்பாள். அவள் சம்மதிப்பாள் என்பது கதை எழுதியவருக்கு முன்பே தெரியும், பார்க்கிறவருக்கும் தெரியும். அதனால் இடையில் நடந்த அத்தனை தொல்லையும் விளையாட்டாக மாறிவிடுகிறது. ஒலியை நிறுத்திவிட்டு, முதல் இரண்டு நிமிடக் காட்சியை மட்டும் பார்க்கச் சொல்லுங்கள். முடிவு தெரியாமல், மஞ்சக்குப்பத்துப் பேருந்து நிறுத்தத்தில் நின்றுகொண்டிருக்கும் ஒரு பெண்ணின் இடத்திலிருந்து பார்த்தால், அதே காட்சி எப்படித் தெரிகிறது என்று கேளுங்கள். பள்ளிச் சீருடையில் இருக்கும் பெண்ணைப் பார்த்து வளர்ந்த ஆண் பாடும் பாடல்களுக்கு இந்த வேலைகூடத் தேவையில்லை. 18 வயது நிறையாதவர்களைப் பாதுகாக்கும் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டத்தில், அவள் 'சரி' என்று சொன்னாலும் அது சம்மதமாகக் கொள்ளப்படாது என்பதைப் பிள்ளைகளிடம் நேராகச் சொல்லிவிட வேண்டும்.

விடாமல் பின்தொடர்ந்தால் மனம் மாறும் என்ற செய்திக்குச் சட்டத்தின் மொழியையே பக்கத்தில் வைத்துக் காட்டலாம். 2013இல் இந்திய தண்டனைச் சட்டத்தில் 354டி என்று சேர்க்கப்பட்டு, 2024 ஜூலை 1 முதல், அதற்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 78ஆம் பிரிவாக இருக்கும் விதி, ஒரு பெண் தமக்கு ஆர்வமில்லை என்பதைத் தெளிவாகக் காட்டிய பிறகும் ஓர் ஆண் திரும்பத் திரும்ப அவரைப் பின்தொடர்வதையும், தொடர்புகொள்வதையும், தொடர்புகொள்ள முயல்வதையும், அவருடைய இணைய, மின்னஞ்சல் பயன்பாட்டைக் கண்காணிப்பதையும் குற்றம் என்கிறது. மத்தியச் சட்டத்தின்படி முதல் முறை 3 ஆண்டு வரையிலும், மறுபடி செய்தால் 5 ஆண்டு வரையிலும் சிறைத் தண்டனை உண்டு. இதை வகுப்பில் வாசித்துவிட்டு, கையில் இருக்கும் பாட்டு வரிகளில் எவை இந்த விதிக்குள் வருகின்றன என்று குறிக்கச் சொன்னால், மாணவர்கள் மிகக் கவனமாக வாதிடுகிறார்கள். ஆண் பிள்ளைகள்தான் அதிகம் பேசுகிறார்கள். 'ஒரு முறை கேட்டுப் பார்ப்பது தவறா' என்று அவர்கள் கேட்பது நேர்மையான கேள்வி. தவறில்லை என்று தெளிவாகச் சொல்ல வேண்டும். மறுப்பு வந்த பிறகும் திரும்பத் திரும்பக் கேட்பதைத்தான் பாட்டு வீரம் என்கிறது, சட்டம் வேறு பெயரில் அழைக்கிறது.

2012 நவம்பரில், புதுச்சேரி ஒன்றியப் பகுதியைச் சேர்ந்த காரைக்காலில், திருமணத்துக்கு மறுத்த ஓர் இளம்பெண்ணின் மீது அமிலம் வீசப்பட்டது. அடுத்த ஆண்டு பிப்ரவரியில் அவர் உயிரிழந்தார். ஒரு பாட்டைக் கேட்டதால் இது நடந்தது என்று நான் சொல்ல மாட்டேன். அப்படிச் சொல்வது பொய். மறுக்கும் உரிமை ஒரு பெண்ணுக்கு உண்டு என்பதைச் சொல்லும் பாடல் நம் பேருந்துகளில் எத்தனை முறை ஒலிக்கிறது, அந்த உரிமையைக் கேலி செய்யும் பாடல் எத்தனை முறை ஒலிக்கிறது என்று எண்ணிப் பார்க்கச் சொல்கிறேன், அவ்வளவே.

உடைமை பேசும் வரிகளை இனங்காண்பது சற்றுக் கடினம், ஏனெனில் அவை அக்கறையின் உடையில் வருகின்றன. யாரோடு பேசினாய், எங்கே போனாய், இந்த உடையை ஏன் உடுத்தினாய் என்ற கேள்விகள் பாட்டில் கொஞ்சலாக ஒலிக்கும். 'அவன் ரொம்ப பொசசிவ்' என்று பெண் பிள்ளைகள் பெருமையாகச் சொல்வதை நான் கேட்டிருக்கிறேன். அதையே பாட்டிலிருந்து எடுத்துக் கைப்பேசிக்குள் வைத்துப் பாருங்கள். கைப்பேசியின் கடவுச்சொல்லைக் கொடு, இருப்பிடத்தைப் பகிர்ந்தே வை, நீல டிக் விழுந்தும் ஏன் பதில் இல்லை என்ற வடிவில் அது வரும்போது, கொஞ்சல் தேய்ந்து விசாரணை மிஞ்சும். அக்கறைக்கும் ஆதிக்கத்துக்கும் உள்ள வேறுபாட்டை அறிய, 'முடியாது' என்று சொன்னால் அடுத்து என்ன நடக்கிறது என்று பார்த்தால் போதும். அக்கறை உள்ளவர் கொஞ்சம் வருந்திவிட்டு ஏற்றுக்கொள்வார். இல்லாதவர் நாள் கணக்கில் பேசாமல் இருந்து தண்டிப்பார், அல்லது கத்துவார். இது ஆண் பாடும் பாடல்களில் மட்டும் இருப்பதில்லை. பெண் குரலில், அடித்தாலும் அணைத்தாலும் நீயே கதி என்று உருகும் பாடல்களும் இதே பாடத்தைத்தான் மறுபுறத்திலிருந்து சொல்லித் தருகின்றன. அடியைக் காதலின் அளவுகோலாக வைக்கும் எந்த வரியையும் மெட்டுக்காக மன்னிக்க எனக்கு மனம் வருவதில்லை. 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டம் உடல் துன்புறுத்தலோடு சொல்லாலும் மனத்தாலும் பணத்தாலும் செய்யும் துன்புறுத்தலையும் வன்முறை என்றே கணக்கில் எடுத்துக்கொள்கிறது.

நீ இல்லையென்றால் செத்துவிடுவேன் என்ற வரியில்தான் நிதானம் மிகவும் தேவை. காதலில் உயிரைப் பேசுவது நம் கவிதையின் பழைய வழக்கம். 'உயிரே' என்று அழைப்பதையெல்லாம் மிரட்டலாகக் கொண்டால் அகப்பாடல்களையே மூடிவைக்க வேண்டியிருக்கும். இங்கும் பழைய இலக்கணம் கைகொடுக்கிறது. காதல் கைகூடாத தலைவன் பனை மடலால் குதிரை செய்து, எருக்கம்பூ மாலை சூடி, காதலியின் உருவத்தை எழுதிய துணியைக் கையில் ஏந்தி, ஊரார் பார்க்கத் தெருவில் ஊர்ந்து வருவதை மடலேறுதல் என்பார்கள். தன் உடலை வருத்தி, அவள் பெயரை ஊருக்குள் இழுத்து, இணங்க வைக்கும் வழி அது. மடலேறுவேன் என்று சொல்லும் தலைவனைச் சங்கப் பாடல்கள் காட்டுகின்றன. ஆனால் 'ஏறிய மடல்திறம்' என்று, உண்மையிலேயே ஏறிவிட்டதைத் தொல்காப்பியர் பொருந்தாக் காமமான பெருந்திணையில் வைத்தார். வருத்தத்தைச் சொல்வதற்கும், அந்த வருத்தத்தைக் கொண்டு ஒருவரை வளைப்பதற்கும் இடையே கோடு கிழித்த மரபு நம்முடையது. ஆகவே அந்த வரி வரும்போது, அது தன் துயரத்தைச் சொல்கிறதா, தன் சாவுக்கு அவளைப் பொறுப்பாக்குகிறதா என்று பாருங்கள். 'உன்னால்தான்' என்ற சொல் வந்துவிட்டால் அது மடல் ஏறிய பாட்டு.

காதலில் தோற்றவன் பெண்குலத்தையே திட்டும் 'சூப் பாய்' பாடல்களுக்கு அதிக நேரம் செலவிட வேண்டாம். அவற்றில் செய்தி ஒளிந்திருக்கவில்லை, வெளியிலேயே கிடக்கிறது. ஒருத்தி மறுத்தாள் என்பது எப்படி 'பொண்ணுங்களே இப்படித்தான்' என்று ஆயிற்று என்ற ஒரு கேள்வியோடு மேலே போகலாம்.

இத்தனையையும் பிள்ளைகளிடம் கொண்டுசேர்க்கும் விதம் முக்கியம். பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போது குறை சொல்லாதீர்கள். பிடித்த பாட்டை இகழ்ந்தால் பிடித்தவரையே இகழ்ந்ததாகும். கைப்பேசியைப் பிடுங்குவதும் ஹெட்போனைக் கழற்றுவதும் எந்த நன்மையும் தராது. சாப்பிட்ட பிறகு, அல்லது தேவனாம்பட்டினம் கடற்கரையில் காலாற நடக்கும்போது, முதலில் உங்கள் காலத்துப் பாடல் ஒன்றை நீங்களே எடுத்து வையுங்கள். நானும் என் கல்லூரி நாட்களில் உருகிக் கேட்ட ஒரு பாடலை எழுதி வாசித்தேன்; இரண்டாம் சரணத்தில் அந்தப் பெண் அழுதுகொண்டிருப்பதை அன்றுதான் கவனித்தேன். பெரியவர்கள் தங்கள் பாட்டைத் தாளில் வைத்த பிறகுதான் பிள்ளைகள் தங்கள் பாட்டைத் தருவார்கள். சோதனை முடிந்த பின்னும் அந்தப் பாட்டு அவர்களுக்குப் பிடித்துக்கொண்டே இருக்கலாம், அதில் தவறில்லை. மெட்டை ரசித்துக்கொண்டே வரியை ஏற்க மறுக்கும் திறம் வந்திருந்தால் போதும். கூடவே, மறுமொழி உள்ள பாடல்களையும் தேடச் சொல்லுங்கள். இருவரும் சமமாகப் பேசும், ஒருவர் கேட்க மற்றவர் தாமே முன்வந்து பதில் தரும் பாடல்கள் நம்மிடம் நிறையவே இருக்கின்றன. இரண்டு நிறக் கோடுகளும் கலந்து விழுந்த தாளைப் பிள்ளைகள் மகிழ்ச்சியோடு கொண்டுவந்து காட்டுவார்கள்.

பேசிக்கொண்டிருக்கும்போது, இது பாட்டில் மட்டும் இல்லை, எனக்கே நடக்கிறது என்று ஒரு பிள்ளை சொல்லக்கூடும். அப்போது, நான் செய்தது போல 'பாட்டுதானே' என்று அனுப்பிவிடாதீர்கள். நீ ஏன் அவனோடு பேசினாய் என்று தொடங்காதீர்கள். ஸ்டேட்டஸ், குறுஞ்செய்தி, குரல் பதிவு எல்லாவற்றையும் தேதி தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொண்டு, அதன் பிறகு பிளாக் செய்யச் சொல்லுங்கள். முதலில் பிளாக் செய்தால் சான்று கிடைக்காமல் போகக்கூடும். விருப்பமில்லை என்ற பதில் எழுத்தில் ஒரு முறை, சுருக்கமாக, மன்னிப்புக் கேட்காமல் இருந்தால் போதும். மீண்டும் மீண்டும் விளக்கம் சொல்வது உரையாடலை நீட்டிக்கும். 18 வயதுக்கு உட்பட்டவர் என்றால் 1098, பெண்கள் என்றால் 181, உடனடி ஆபத்து என்றால் 112 ஆகிய எண்களை அழைக்கலாம். செத்துவிடுவேன் என்று மிரட்டல் வந்தால் அந்தச் சுமையைப் பிள்ளை தனியாகத் தூக்கக் கூடாது. மிரட்டியவரின் வீட்டாரிடம் ஒரு பெரியவர் அன்றைக்கே தெரிவிக்க வேண்டும். மனநல உதவிக்கான 14416 என்ற எண்ணையும் அவர்களிடம் கொடுக்கலாம். மிரட்டுகிறவனும் உதவி தேவைப்படுகிற பிள்ளையாகவே இருக்கக்கூடும்.

அந்த மாணவி பன்னிரண்டாம் வகுப்பில் மீண்டும் பயிற்சி வகுப்புக்குப் போகத் தொடங்கினாள். முதல் வாரம் அவளுடைய அம்மா ஒவ்வொரு நாளும் பேருந்து நிறுத்தம் வரை உடன் வந்தார். இரண்டாம் வாரத்திலிருந்து, தானே போய்க்கொள்வதாகச் சொல்லிவிட்டாள்.